சாக்லேட் உறையைத் திருப்பிப் பாருங்கள்

சபுர் முடிந்து ஊருக்கு வரும் வாப்பாவின் பெட்டியைப் பிள்ளைகள் சூழ்ந்து நிற்பது நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பதுதான். கோடாலித் தைலம், பேரீச்சம்பழம், சென்ட், சோப்பு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்த பிறகு, அடியில் இருந்து சாக்லேட் வரும். அதுவும் கிலோக்கணக்கில். பக்கத்து வீடு, எதிர் வீடு, மதரஸா உஸ்தாத் வீடு என்று பங்கு பிரிந்து போகும். உஸ்தாத் என்ற முறையில் எனக்கும் பல வருடங்களாக அந்தப் பங்கு வந்துகொண்டிருக்கிறது. குறையொன்றும் சொல்வதற்கில்லை.

சென்ற ரமழானுக்கு முன்பு என் லாத்தா மகன் இங்கிலாந்திலிருந்து வந்தான். அங்கே மேற்படிப்பு படிக்கிறான். அவன் பெட்டியிலிருந்து வந்தது மூன்றே மூன்று மெல்லிய சாக்லேட் கட்டிகள். ஒவ்வொன்றும் நூறு கிராம். ஒன்றின் விலை நம் காசுக்கு நானூறு ரூபாய்க்கு மேல் என்று தெரிந்ததும் உம்மாவுக்கு மனசு ஆறவில்லை.

"ஏன் வாப்பா, இந்தக் காசுக்கு ஒரு டப்பா நிறைய வாங்கிட்டு வந்திருக்கலாமே?"

"இது ஆர்கானிக் உம்மம்மா. ஃபேர்டிரேட் வேற."

"அப்படின்னா? ஹலால்தானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆலிம் சனதும் ஒரு கலைப் பட்டமும் வைத்திருக்கும் எனக்கு, ஹலாலா என்பதற்கு உறையைப் பார்த்துப் பதில் சொல்ல முடிந்தது. அந்த மற்ற இரண்டு வார்த்தைகளுக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. அதன் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உம்மாவின் கேள்வி. கோகோ ஒரு மரத்தின் விதை. அதில் ஹராம் என்பதற்கு இடமில்லை. அதனோடு சேர்பவற்றில்தான் கவனம் வேண்டும். மார்ஷ்மெல்லோ வைத்த சாக்லேட்டில் ஜெலட்டின் இருக்கும். ஈ471 என்ற குழைமப் பொருள் தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். விமான நிலையக் கடைகளில் பளபளக்கும் தாளில் சுற்றி, குட்டி பாட்டில் வடிவத்தில் விற்பார்கள். உள்ளே இருப்பது மெய்யாகவே மதுதான். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தெரியாமல் அதை வாங்கி வந்து, பிள்ளை கடித்த பிறகுதான் வாசனையில் கண்டுபிடித்தார்கள். இன்னொன்றையும் தாய்மார்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நம் நாட்டு உறைகளில் இருக்கும் பச்சைப் புள்ளி 'இது சைவம்' என்று மட்டுமே சொல்கிறது. மது இல்லை என்று அது சொல்லவில்லை.

மருமகன் கொண்டுவந்த கட்டியின் பின்புறத்தில் மொத்தம் மூன்று பொருள்கள் இருந்தன: கோகோ விழுது, சர்க்கரை, கோகோ வெண்ணெய். பார்த்த மாத்திரத்தில் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

ஆனால் குர்ஆன் உணவைப் பற்றிப் பேசும்போது ஹலால் என்ற சொல்லோடு நிறுத்துவதில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 168ஆம் வசனத்தில் ஹலாலும் தய்யிபும் சேர்ந்தே வருகின்றன. தய்யிப் என்றால் நல்லது, தூய்மையானது, மனத்துக்கு உகந்தது. நாம் முதல் சொல்லை உறையில் தேடித் தேடிப் பார்க்கிறோம். இரண்டாவது சொல்லைத் தேடுவதற்கு அந்தக் கோகோ வந்த ஊருக்கே போக வேண்டியிருக்கிறது.

காயிலிருந்து கட்டி வரை

கோகோ மரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நம் பலா போல, காய் அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு தொங்கும். முற்றினால் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறும். வெட்டித் திறந்தால் வெள்ளைச் சதை மூடிய முப்பது நாற்பது கொட்டைகள். சதை இனிக்கும், கொட்டை கசக்கும். அந்தக் கட்டத்தில் சாக்லேட்டின் வாசனையே இருக்காது.

வாசனை புளிக்க வைப்பதில்தான் பிறக்கிறது. கொட்டைகளைக் குவித்து வாழை இலை போட்டு மூடி, ஐந்தாறு நாள் விடுகிறார்கள். சதையில் உள்ள சர்க்கரை முதலில் ஆல்கஹாலாகிறது, பிறகு காற்றுப் பட்டுக் காடியாகிறது. குவியலின் உள்ளே சூடு ஏறி, கொட்டையின் உள்ளேயே மாற்றங்கள் நடக்கின்றன. பிறகு ஒரு வாரம் வெயிலில் காயவைத்து மூட்டை கட்டுகிறார்கள். இதைக் கேட்டதும் 'அப்படியானால் நடுவில் மது உண்டாகிறதே' என்று ஒரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அங்கே யாரும் மது காய்ச்சவில்லை. சதை வடிந்து போகிறது. உண்டானதும் காடியாக மாறி, வெயிலிலும் பின்னர் வறுப்பதிலும் பறந்து விடுகிறது. காடி ஆகுமானது என்பதில் நமக்கு ஐயமில்லை.

இந்த ஐந்தாறு நாளைச் சரியாகக் காத்திருக்கும் விவசாயிதான் நல்ல சாக்லேட்டின் பாதிச் சுவையைத் தருகிறார். அவசரப்பட்டு மூன்று நாளில் எடுத்தால் துவர்ப்பு நிற்கும். அதைச் சர்க்கரையாலும் வனிலா எசென்ஸாலும் மறைக்க வேண்டி வரும்.

உலகக் கோகோவில் பாதிக்கும் மேல் மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு நாடுகளில் விளைகிறது. பெரிய எஸ்டேட்டுகள் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் சில ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள். ஐவரி கோஸ்ட் மக்களில் பத்தில் நான்கு பேர் முஸ்லிம்கள். அங்கே கூலிக்கு வருபவர்களில் பலர் வடக்கே புர்கினா ஃபாசோவிலிருந்தும் மாலியிலிருந்தும் வருகிறார்கள். அவையும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளே. பெருநாளன்று நம் பிள்ளைகள் தின்னும் சாக்லேட்டின் கொட்டையை, அதே பெருநாள் கொண்டாடும் வீட்டுப் பிள்ளை வெட்டியிருக்கக் கூடும்.

பிள்ளை என்று சொன்னது தவறி வந்த சொல் அல்ல. குழந்தை உழைப்பின் கொடிய வடிவங்களை ஒழிப்போம் என்று பெரிய சாக்லேட் நிறுவனங்கள் 2001இல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஹார்கின்-எங்கல் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். 2005 என்று கெடு வைத்தார்கள், பிறகு தள்ளினார்கள், மறுபடியும் தள்ளினார்கள். 2020இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் ஒன்று கணக்கெடுத்து வெளியிட்டபோது, அந்த இரண்டு நாடுகளிலும் கோகோத் தோட்டங்களில் சுமார் 15 லட்சத்து 60 ஆயிரம் குழந்தைகள் உழைத்துக்கொண்டிருந்தார்கள். அரிவாள் பிடிப்பது, கனத்த மூட்டை தூக்குவது, பூச்சிமருந்தின் அருகே நிற்பது எல்லாம் அதில் அடக்கம்.

இதை எழுதும்போது ஒரு நிதானமும் தேவை. அந்தக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் கடத்தி வரப்பட்டவர்கள் அல்லர். சொந்தக் குடும்பத்தின் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். கடத்தலும் நடந்திருக்கிறது, அது தனிக் கொடுமை. ஆனால் சொந்த வாப்பாவே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் தோட்டத்துக்கு அழைத்துப் போகிறார் என்றால், கூலிக்கு ஆள் வைக்க அவரிடம் காசில்லை என்று பொருள். கிலோவுக்கு அவருக்குக் கிடைக்கும் விலைதான் எல்லாவற்றுக்கும் வேர்.

2024 அதற்குச் சரியான சான்று. மழையும் மரநோயும் விளைச்சலைக் குறைக்க, டிசம்பரில் நியூயார்க் சந்தையில் கோகோ டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. அதாவது கிலோ 12 டாலர். அந்த அறுவடைக் காலத்துக்கு ஐவரி கோஸ்ட் அரசு விவசாயிக்கு நிர்ணயித்திருந்த விலை கிலோவுக்கு 1,800 சிஎஃப்ஏ பிராங்க், சுமார் 3 டாலர். அங்கே அரசு வாரியம் பயிரை முன்கூட்டியே விற்று, விலையைப் பருவத் தொடக்கத்தில் நிர்ணயித்து விடுகிறது. சந்தை விழும்போது இந்த ஏற்பாடு விவசாயியை ஓரளவு காக்கும். சந்தை எகிறும்போது அவர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

முத்திரை சொல்வதும் சொல்லாததும்

ஃபேர்டிரேட் முத்திரை இந்த விலைப் பிரச்சினைக்காகப் பிறந்தது. 1988இல் ஹாலந்தில் மெக்சிகோ நாட்டுக் காபிக்காகத் தொடங்கிய யோசனை அது. பிரிட்டனில் அந்த முத்திரையோடு வந்த முதல் பொருளே ஒரு சாக்லேட்தான். 1994இல் வெளிவந்த 'மாயா கோல்ட்'. மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் மாயா இன விவசாயிகள் விளைவித்த கோகோவில் கிரீன் அண்ட் பிளாக்ஸ் என்ற நிறுவனம் செய்தது. பெயரில் உள்ள பச்சை ஆர்கானிக்கைக் குறிக்கும், கறுப்பு சாக்லேட்டின் நிறம்.

கானாவில் குவாப்பா கோக்கோ என்ற கூட்டுறவு 1993இல் தொடங்கியது. நல்ல கோகோ விவசாயி என்று அந்தப் பெயருக்குப் பொருள். இவர்கள் கொட்டையை விற்பதோடு நில்லாமல், 1998இல் லண்டனில் தொடங்கிய டிவைன் சாக்லேட் நிறுவனத்தில் பங்குதாரர்களாகவும் சேர்ந்தார்கள். கொட்டை விளைவிப்பவரே கட்டி விற்பவரிலும் ஒருவராக இருப்பது எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம். முதலும் உழைப்பும் லாபத்தில் கூட்டாளிகளாவதைப் படித்து வளர்ந்த நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

ஃபேர்டிரேட் என்ன செய்கிறது? கூட்டுறவுக்கு ஒரு குறைந்தபட்ச விலை. சந்தை அதற்கும் கீழே போனால் இந்த விலை. மேலே போனால் சந்தை விலை. அதற்கு மேல் ஒரு கூடுதல் தொகை, அதைச் சங்கத்தினர் கூடிப் பேசிக் கிணறோ பள்ளிக்கூடமோ ரொக்கமோ எனப் பயன்படுத்துகிறார்கள். 2019 அக்டோபரில் குறைந்தபட்ச விலை டன்னுக்கு 2,400 டாலர், கூடுதல் தொகை 240 டாலர் என உயர்த்தப்பட்டது. ஆர்கானிக் என்றால் இன்னும் 300 டாலர்.

எனக்குக் கணக்கு எப்போதும் கொஞ்சம் தூரம்தான். இருந்தாலும் உம்மாவின் நானூறு ரூபாய்க்காக ஒன்று போட்டுப் பார்த்தேன். எழுபது சதவீதக் கட்டி நூறு கிராமுக்குத் தோல் போக ஏறத்தாழ 90 கிராம் கொட்டை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குறைந்தபட்ச விலைப்படி கொட்டைக்கு 22 சென்ட். கூடுதல் தொகை 2 சென்ட். ஆர்கானிக்குக்காக இன்னும் 3 சென்ட்டுக்குள். எல்லாம் சேர்த்து அமெரிக்கக் காசில் 27 சென்ட், நம் காசில் இருபது இருபத்தைந்து ரூபாய். மிச்சம் கப்பல், தொழிற்சாலை, வரி, கடைக்காரர், விளம்பரம் என்று போகிறது. 'நியாய வணிகச் சாக்லேட் வாங்கினேன், என் நானூறு ரூபாயும் ஏழை விவசாயிக்குப் போய்விட்டது' என்று நினைத்தால் அது தவறு. ஸதகா வேறு, நியாயமான விலை வேறு. ஆனால் 2 சென்ட்டை அற்பம் என்றும் தள்ள முடியாது. ஆயிரக்கணக்கான மூட்டைகளுக்கு அது சேரும்போது ஒரு கிராமத்துக்குக் கிணறு வருகிறது. 2016இன் இறுதியில் உலக விலை சில மாதங்களுக்குள் மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. அப்படிப்பட்ட காலத்தில்தான் குறைந்தபட்ச விலையின் அருமை தெரியும்.

இன்னொரு விஷயம். முத்திரை குத்திய கட்டிக்குள் இருக்கும் கோகோ, அந்தச் சங்கத்திலிருந்து வந்த கோகோவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. தொழிற்சாலையில் எல்லாக் கோகோவும் கலந்துவிடலாம், வாங்கிய அளவும் விற்ற அளவும் கணக்கில் ஒத்துப்போனால் போதும் என்று விதி இருக்கிறது. முதலில் படித்தபோது எனக்கு ஏமாற்று வேலை போலத் தோன்றியது. பிறகு பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி நினைவுக்கு வந்தது. நீங்கள் ஐந்து கிலோ அரிசி கொடுக்கிறீர்கள், எல்லார் அரிசியும் ஒரே சட்டியில் வேகிறது. உங்கள் கையில் வரும் கஞ்சியில் உங்கள் அரிசி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கொடுத்தது கொடுத்ததுதான். விவசாயிக்குக் காசு போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் 'இந்தக் கட்டியில் எந்தக் குழந்தையின் உழைப்பும் இல்லை' என்று அந்த முத்திரையை வைத்து நாம் சத்தியம் செய்ய முடியாது. கலக்காமல் தனியாக வைக்கும் நிறுவனங்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் தோட்டத்தின் பெயரையோ சங்கத்தின் பெயரையோ உறையிலேயே அச்சிடுகிறார்கள்.

பெயரை நம்பி வாங்குவதும் போதாது. அதே கிரீன் அண்ட் பிளாக்ஸை 2005இல் கேட்பரி வாங்கியது. 2017இல் ஆர்கானிக், ஃபேர்டிரேட் இரண்டு முத்திரையும் இல்லாத ஒரு வகையும் அதே பெயரில் கடைக்கு வந்தது. எந்தக் கட்டி கையில் இருக்கிறதோ அதன் உறையைத்தான் பார்க்க வேண்டும்.

ஆர்கானிக்கைப் பற்றி நம்மிடம் ஒரு மயக்கம் இருக்கிறது. அது உடம்புக்கு மருந்து போல என்று நினைக்கிறோம். செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிமருந்தும் இல்லாமல் விளைந்தது என்பதுதான் அதன் பொருள். கோகோ கொட்டையைச் சுற்றித் தடித்த காய், அதற்குள் ஒரு தோல். அந்தத் தோலை வறுத்து நீக்கிய பிறகே சாக்லேட் செய்கிறார்கள். ஆகவே பூச்சிமருந்தின் முதல் கேடு தின்பவருக்கு அல்ல, முகத்தில் துணிகூடக் கட்டாமல் தெளிப்பவருக்குத்தான். ஆர்கானிக்குக்குக் கூடுதல் காசு கொடுக்க என் பார்வையில் அதுவே பெரிய காரணம். மற்றபடி, மண்ணில் இயல்பாக இருக்கும் காட்மியம் என்ற உலோகம் கோகோவில் ஏறும். தென் அமெரிக்கக் கோகோவில் இது சில இடங்களில் கூடுதல், ஆர்கானிக்காக இருந்தாலும் அப்படியே. ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் இதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. கறுப்புச் சாக்லேட் நல்லது என்று சின்னப் பிள்ளைகளுக்குத் தினமும் கட்டி கட்டியாகக் கொடுக்க வேண்டாம்.

எப்படித் தின்பது?

இது என்ன கேள்வி என்று சிரிக்காதீர்கள். எனக்கே தெரியாமல்தான் இருந்தது. முதல் துண்டை மிட்டாய் போல நறுக்கென்று கடித்து மென்றேன். கஷாயம் குடித்த முகம் வந்தது. மருமகன் சிரித்துக்கொண்டே, "மாமா, மெல்லாதீங்க. நாக்குல வச்சு சும்மா இருங்க" என்றான்.

கோகோ வெண்ணெய் நம் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழே உருகும். அதனால்தான் நல்ல சாக்லேட் கையில் உறுதியாகவும் வாயில் வெண்ணெயாகவும் இருக்கிறது. நாக்கில் வைத்து அரை நிமிடம் காத்தால், முதலில் கசப்பு, பிறகு மெல்ல ஒரு புளிப்பு, உலர்ந்த திராட்சை போல. கடைசியில் வறுத்த கொட்டையின் மணம். ஒரு துண்டுக்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. டப்பாவைத் திறந்தால் காலியாகும் வரை நிற்காத நம் கை, இரண்டு சதுரத்தோடு நின்றுவிட்டது எனக்கே வியப்பு.

வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டா என்று கேட்பீர்கள். இல்லை. பொள்ளாச்சி பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது. கேரளத்தின் இடுக்கியிலும் விளைகிறது. தோட்டத்துக்காரர்களே கொட்டையிலிருந்து கட்டி வரை செய்து விற்கும் சிறு நிறுவனங்கள் நம் பக்கத்தில் வந்துவிட்டன. கர்நாடகத்தில் பாக்கு, கோகோ விவசாயிகளின் கூட்டுறவான கேம்ப்கோ 1986 முதல் புத்தூரில் சொந்தத் தொழிற்சாலையில் சாக்லேட் செய்கிறது. ஆர்கானிக்குக்கு நம் நாட்டு முத்திரை 'ஜைவிக் பாரத்'. ஐரோப்பியப் பொருளில் நட்சத்திரங்களால் ஆன பச்சை இலை இருக்கும். ஃபேர்டிரேட் முத்திரை தனி. ஒன்று இருப்பதால் மற்றதும் இருக்கும் என்று பொருளல்ல.

பொருள் பட்டியலில் முதல் சொல் சர்க்கரையாக இருந்தால் அது சர்க்கரைக் கட்டிதான், வாசனைக்குக் கோகோ. சாக்லேட் என்று நாம் வாங்கும் பல மலிவுப் பண்டங்களில் கோகோ வெண்ணெயே இருக்காது, பாமாயில் வகைக் கொழுப்புதான். விலை ஏன் குறைவு என்பதற்கு விடை அங்கேயே கிடைக்கும்.

நம் ஊர் வெயிலில் வைத்தால் உருகி, மறுபடி இறுகி, மேலே வெள்ளையாகப் படரும். பூஞ்சணம் என்று எறிந்துவிட வேண்டாம். அது மேலே வந்த கோகோ வெண்ணெய்தான், தின்னலாம். ஃபிரிட்ஜில் வைப்பதானால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். எங்கள் இரண்டாவது கட்டிக்குக் கருவாட்டு வாசனை ஏறியதற்கு நானே சாட்சி.

உம்மாவுக்கு முதல் நாள் பிடிக்கவில்லை. "மருந்தாட்டம் இருக்கு" என்று சொல்லி மிச்சத்தைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டார். மறுநாள் தராவீஹ் முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது, சுலைமானியை உறிஞ்சிக்கொண்டே ஒரு சதுரத்தை வாயில் அடக்கி வைத்திருந்தார். கண்டுகொள்ளாதது போல நான் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"இதை விளைய வச்சவங்க ஊருலயும் நோன்புதானே இப்ப?" என்று கேட்டார்.

ஆமாம் உம்மா, பலருக்கு நோன்புதான் என்றேன். மூன்றாவது கட்டியைப் பிரிக்காமல் பெருநாளுக்கு எடுத்து வைக்கச் சொன்னார்.